வெள்ளிக்கிழமை ராகு காலம்

வினோலியா சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் தன் மேசைக்குத் திரும்பிப் போனாள். கேட்டிருக்கலாம். கேட்டுத் தொலைத்திருக்கலாம். பத்தரை ஆக இன்னும் ஒரு வாய் காப்பி குடிக்கிற நேரம் இருந்தது. "சார், போட்டுருதீங்களா" என்று ஒரு வார்த்தை விட்டிருந்தால் அறிவுடைநம்பி அந்த நிமிஷமே போட்டிருப்பார், போட்டிருப்பாரா, மாட்டார், ஆனாலும் அவள் கேட்டாள் அவர் தட்டிக்கழித்தார் என்றாவது ஆகியிருக்கும், இப்போது அவள் கேட்கவும் இல்லை, அவர் தட்டிக்கழிக்கவும் இல்லை, வெறுமனே பத்தரை ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு காலம். அதுமட்டுமா, செவ்வாய்க்கு எப்போது, வியாழனுக்கு எப்போது, எமகண்டம் எப்போது என்று எல்லாமே இப்போது அவருக்கு மனப்பாடம். நாற்பத்தெட்டு வயது வரை தெரியாமல் இருந்து, தெரியாததில் ஒரு பெருமையும் கொண்டிருந்தவருக்கு மூன்றே வாரத்தில் மனப்பாடம். தலைமை அலுவலகத்தின் பணிமாறுதல் இணையப் பக்கமும் அதே பன்னிரண்டுக்குத்தான் மூடிக்கொள்ளும். அந்தத் தகவல் பிரிவுத் தலைவர்களுக்கு மட்டும் வந்தது, வினோலியாவுக்குத் தெரியாது. "வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கும்மா" என்றுதான் அவளிடம் சொல்லிவைத்திருந்தார். பொய் இல்லையே, பன்னிரண்டு மணியும் வெள்ளிக்கிழமையில்தானே வருகிறது என்று ஒரு குரல் உள்ளே சப்பைக்கட்டு கட்டியது, அந்தக் குரலைக் கேட்கவே அவருக்கு நாராசமாக இருந்தது.

வேலை என்ன மலையைப் புரட்டுகிற வேலையா. திரையில் இரண்டு கட்டங்கள். முதல் கட்டத்தில் பரிந்துரை எழுத வேண்டும், இரண்டாவதில் மாற்று ஏற்பாடு, கீழே ஒரு பச்சைப் பொத்தான், அமுக்கினால் அவளுடைய விண்ணப்பம் சென்னைக்குப் போய்விடும். வருஷத்தில் இந்த ஒரு தடவைதான் போகும். தூத்துக்குடிக் கிளையில் ஒரு இடம் காலி, வேறு யாரும் கேட்கவில்லை, விண்ணப்பம் போய்ச் சேர்ந்தால் அது அவளுக்குத்தான். தூத்துக்குடியில் அவள் மகள் ஜெனி இருக்கிறாள், ஒன்றாம் வகுப்பு, பெரியம்மா வீட்டில் வளர்கிறாள். அப்பா கப்பலில். அம்மா திருச்சியில் பெண்கள் விடுதியில் ஒரு கட்டிலும் ஒரு அலமாரியுமாக, வாகனக் காப்பீட்டுப் பிரிவில் நொறுங்கிப்போன லாரிகளின் படங்களைப் பார்த்துக்கொண்டு. நம்பி அந்தப் பக்கத்தைத் திறந்தார். திறந்தாயிற்று, இனி எழுத வேண்டியதுதான். மேசையில் இருந்த தக்காளியை முறுக்கிவிட்டார். ஏற்காட்டில் நேர மேலாண்மைப் பயிற்சிக்கு அனுப்பினார்களே, அங்கே ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள், தக்காளி வடிவத்தில் ஒரு மணிப்பொறி, முறுக்கிவிட்டால் கிர்ரென்று ஓடி முடிகிறபோது மணி அடிக்கும், அதுவரை ஒரே வேலையைத்தான் செய்ய வேண்டும், வேறு எதையும் நிமிர்ந்து பார்க்கக் கூடாது. அலுவலகத்தில் அதிலிருந்து அவர் தக்காளி சார். கசப்பான வேலையைக் காலையிலேயே விழுங்கிவிடுங்கள் என்று அந்தப் பயிற்சியாளர் சொன்னார், முழுக்கைச் சட்டை, கழுத்தில் மைக், சிரித்தால் ஈறு தெரியும். தக்காளி ஓட ஆரம்பித்தது. நம்பி பரிந்துரைக் கட்டத்தைப் பார்த்தார். பிறகு, மாலை நாலு மணிக்குத் தான் பேசப்போகிற உரையின் படங்களில் மூன்றாவது படத்து எழுத்து கொஞ்சம் சின்னதாக இருக்கிறதே என்று ஞாபகம் வந்தது, அதைச் சரிசெய்தால் மனசு லேசாகும், மனசு லேசானால் பரிந்துரை சரளமாக வரும் என்று அந்தப் பக்கத்தைக் கீழே இறக்கிவிட்டு அதைத் திறந்தார். உரையின் தலைப்பு "நேரம் நம் கையில்". வெட்கங்கெட்ட தலைப்பு, அவரே வைத்ததுதான்.

எழுத்தைப் பெரிதாக்கினார். பெரிதாக்கியதும் வரி மடங்கியது. மடங்கியதைச் சரிசெய்ய ஒரு சொல்லை எடுத்தார், எடுத்த சொல் "உடனடியாக". அப்படி ஆரம்பித்ததுதானே எல்லாம், ஒரு சொல்லில். மூன்று வாரத்துக்கு முன்னால் அவள் முதல் தடவை வந்து நின்றபோது அவர் இதே மாதிரி ஏதோ ஒரு அற்ப காரியத்தில் இருந்தார், கிரிக்கெட் ஸ்கோராக இருக்கலாம், ஆமாம் ஸ்கோர்தான். "சார், மாறுதலுக்கு எழுதிக் கொடுத்திருக்கேன், நீங்க ரெண்டு வரி போட்டா போயிரும்" என்றாள். இப்போது வேலையாக இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம், அப்புறம் வா என்று சொல்லியிருக்கலாம். வாய் தன்பாட்டுக்கு "இப்ப ராகு காலம்மா" என்றது. எங்கிருந்து வந்தது அந்தச் சொல். எதிர் மேசை பட்டாபிராமன் தினமும் சொல்வதைக் கேட்டுக் கேட்டு நாக்கில் ஒட்டியிருந்ததோ என்னவோ. அவள் முகம் போன போக்கு. "ஐயையோ, மன்னிச்சிருங்க சார், தெரியாமக் கேட்டுட்டேன்" என்று இரண்டடி பின்னால் போனாள். கழுத்தில் சிலுவை போட்ட பெண், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள், ராகுவாவது கேதுவாவது அவளுக்கு. ஆனால் பெரியவர் ஒருவர் தன் காரியத்துக்காக நேரம் பார்க்கிறார், அந்த மட்டும் அவளுக்குப் புரிந்தது. மறுநாளே தினசரிக் காலண்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். கேட்கக் கூடாத நேரத்தில் கேட்பதே இல்லை. கேட்கக்கூடிய நேரத்தில் வந்தால் இவர் எமகண்டம் என்றார், அதைப் படித்துக்கொண்டாள், அடுத்த தடவை அஷ்டமி என்றார், அதையும் படித்துக்கொண்டாள். "உங்க நட்சத்திரம் என்ன சார்?" என்று ஒருநாள் கேட்டாள். ஜாதகமே எழுதாத வீட்டில் பிறந்தவர் கண்ணை மூடிக்கொண்டு "பூசம்" என்றார். போன வாரம் ஒருநாள் நிஜமாகவே எழுத உட்கார்ந்தார், ஆமாம், உட்கார்ந்தார், அதை யாரும் மறுக்க முடியாது, அப்போது அவளே ஓடி வந்து, "சார் சார், இன்னைக்கு வேண்டாம், பூசத்துக்குச் சந்திராஷ்டமமாம், ரெண்டு நாள் போகட்டும்" என்றாள். அவருக்கு வந்த நிம்மதி இருக்கிறதே. அதை நினைத்தால் இப்போது காது மடல் சுடுகிறது.

அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார். லால்குடிப் பக்கம் கறுப்புச் சட்டை வாத்தியார் என்றால் குழந்தைக்கும் தெரியும். தன் கல்யாணத்தை ராகு காலத்தில் வைத்துக்கொண்டவர், மகன் கல்யாணத்தையும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதே ராகு காலத்தில் வைத்தார். கல்யாணப் பெண் பொற்கொடியின் அத்தை மண்டபத்தின் ஓரத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. "நேரம் ஒன்றும் செய்யாது, செய்கிறவன் மனுஷன்" என்று அப்பா மேடையில் சொன்னார். கைதட்டல். பொற்கொடியும் அவரும் இத்தனை வருஷம் சண்டையும் சமாதானமுமாக நன்றாகத்தான் இருக்கிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளை ராகு காலத்தைச் சாக்குச் சொல்கிறான். நம்பிக்கையோடு சொன்னாலாவது ஒரு மரியாதை உண்டு, பட்டாபிராமனுக்கு அந்த மரியாதை உண்டு, அவர் சொந்தப் பெண்ணின் பிரசவத்துக்கு ஆட்டோ பிடிப்பதற்குக்கூட வாசலில் நின்று கடிகாரம் பார்த்தவர். நம்பாமல் சொல்கிறவனை என்னவென்று சொல்வது. அப்பா எதிர்த்தவர்களோடும் சேர்த்தி இல்லை, அப்பாவோடும் சேர்த்தி இல்லை. அப்பா திட்டமாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு வேறு எதையாவது பேச ஆரம்பிப்பார், அதுதான் தாங்க முடியாது.

தக்காளி மணி அடித்தது. அவர் துள்ளிவிழுந்தார். மூன்றாவது படம் அழகாக இருந்தது. நான்காவது படத்தில் ஒரு அம்புக்குறி கோணலாக இருந்தது, அதை நிமிர்த்தப் போன கையைப் பிடித்து நிறுத்தினார், தன் கையைத் தானே. போதும். பணிமாறுதல் பக்கத்தை மேலே கொண்டுவந்தார். நேரம் பதினொன்றைத் தாண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்துக் கிளை மேலாளர் வைகுந்தம் தடுப்புக்கு மேலே தலையை நீட்டினார். "என்ன நம்பி, தக்காளி பழுத்துடுச்சா? நாலு மணிக்குப் பின்னிடணும். ஜோனல் ஆபீஸ்லேந்து ஆள் வர்றாங்க. பெண்டிங்கே இல்லாத ஒரே சீட் இந்தக் கிளையில உங்க சீட்டுதான்னு சொல்லி வச்சிருக்கேன், அது எப்படின்னு அந்த ரகசியத்தை அவங்களுக்கும் கொஞ்சம் எடுத்து விடுங்க." நம்பி சிரித்தார். "சொல்லிடறேன் சார்." வைகுந்தம் போன பிறகும் அந்தச் சிரிப்பு முகத்தில் மாட்டிக்கொண்டு நின்றது, அதை இறக்கிவைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. இரண்டு மேசை தள்ளி வினோலியா தலையைக் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டிருப்பாளா. கேட்டிருப்பாள். கேட்டாலும் அவளுக்கு அதில் ஒன்றும் இருக்காது, சாருக்கு நல்ல பெயர் என்று சந்தோஷப்பட்டிருப்பாள்.

பரிந்துரை வந்தது. ஆச்சரியம், தடங்கலே இல்லாமல் வந்தது. இவர் பொறுப்பும் நேர்மையும் மிக்கவர், கொடுத்த வேலையைக் கேட்காமலே முடிப்பவர், இவரது குடும்பச் சூழலைக் கருதி இம்மாறுதலை மனமார வலியுறுத்துகிறேன். மனமார என்று எழுதியதை முணுமுணுத்து இன்னொரு தரம் படித்துப் பார்த்தார், நல்ல மனுஷன்தான் நான், கொஞ்சம் சோம்பேறி, அவ்வளவுதானே, சோம்பேறித்தனம் என்ன உலகத்தில் இல்லாத பாவமா. சாப்பாட்டு அறையில் ஒருநாள் அவள் போனில் பேசிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது, "அம்மைய அம்மான்னு சொல்லணும் ஜெனி, பெரியம்மைய பெரியம்மான்னு சொல்லணும்" என்று பாடம் நடத்துவதுபோல் சொல்லிக்கொண்டிருந்தாள், நம்பியைக் கண்டதும் போனை மூடிவிட்டு, "மாத்திச் சொல்லுதா சார், சின்னப் பிள்ளைல்லா" என்று சிரித்தாள். அவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே "சீக்கிரம் போட்டுடறேம்மா" என்றார். அன்றைக்கு அஷ்டமிகூட இல்லை. சரி, முதல் கட்டம் முடிந்தது. இனி இரண்டாவது. மாற்று ஏற்பாடு. இவருக்குப் பதில் ஆள் தேவையா, தேவை எனில் காரணம். விரல் விசைப்பலகையின் மேல் நின்றது. தேவையில்லை என்று எழுதலாம். தேவையில்லை என்றால் அவள் போன மறு வாரமே இந்த மேசையில் கோப்புகள் குவியும், லாரிகள், வேன்கள், ஆட்டோக்கள், நொறுங்கிய முன்கண்ணாடிகள் எல்லாம் வந்து குவியும். தேவை என்று எழுதலாம். தேவை என்றால் சென்னையில் ஒரு புத்திசாலி கேட்பான், பெண்டிங்கே இல்லாத சீட்டுக்கு எதற்கு இன்னொரு ஆள் என்று. கேட்டால் என்ன சொல்வது. என் பாஸ்வேர்டு அவளிடம் இருக்கிறது என்று சொல்வதா. இரண்டு வருஷமாக என் வேலையில் முக்கால்வாசியை என் பெயரில் அவள்தான் முடித்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்வதா. ஒருநாள் அவசரத்துக்குக் கொடுத்தது. "நான் பாத்துக்கிடுதேன் சார், நீங்க மீட்டிங் போங்க" என்றாள். அதற்கப்புறம் மீட்டிங் இல்லாத நாளிலும் அவள் பார்த்துக்கொண்டாள். அந்தச் சுத்தமான மேசையைப் பார்த்துத்தான் அவரை ஏற்காட்டுக்கு அனுப்பினார்கள், அந்தத் தக்காளியைக் கொடுத்தார்கள், நாலு மணிக்கு உரையும் கொடுத்தார்கள். இதையெல்லாம் அவர் இன்றுதான் கண்டுபிடித்ததுபோல நடிப்பது யாருக்காக.

அப்படியானால் சோம்பல் இல்லையா. நம்பி நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் பிளாஸ்டிக் வாளியில் டொக்கென்று விழுந்தது. சோம்பேறி என்று தன்னைத் திட்டிக்கொள்வதில் ஒரு சுகம் இருந்தது, மூன்று வாரமாக அந்தச் சுகத்தில்தான் இருந்தார், தினமும் ராத்திரி பொற்கொடியிடம்கூட "நான் ஒரு சோம்பேறிடி" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார், அவளும் "அது ஊருக்கே தெரியும்" என்றாள். சோம்பேறியை மன்னித்துவிடலாம். சோம்பேறிக்குப் பயிற்சி உண்டு, மணிப்பொறி உண்டு, வண்ண வண்ணச் சீட்டு ஒட்டலாம். இதற்கு என்ன பயிற்சி. அவள் போய்விடக் கூடாது என்று மூன்று வாரமாக ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு தடவையும், அவராகத்தான் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். ஆறு வயசுப் பிள்ளை தன் அம்மாவை யார் என்று மறந்துகொண்டிருக்கிறது, இவருக்கு மேசை சுத்தமாக இருக்க வேண்டும். இதை அவர் வார்த்தையாக நினைத்தது இதுதான் முதல் தடவை. இல்லை இல்லை, அவ்வளவு மோசமாக நினைத்திருக்க மாட்டேன், மனசு அப்படியெல்லாம் திட்டம் போடாது, என்று இன்னொரு பக்கம் ஓடிப் பார்த்தார், அங்கேயும் அதேதான் நின்றுகொண்டிருந்தது. போட்டுவிடு. தேவை என்று எழுது, கேட்டால் உண்மையைச் சொல், என்ன ஆகும், அவமானம் ஆகும், ஆகட்டும். தே என்று அடித்தார். நாலு மணிக்கு அத்தனை பேர் முன்னால் நிற்க வேண்டும், ஜோனல் ஆள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். தே-யை அழித்தார். உரை முடிந்து திங்கட்கிழமை என்று இருந்திருக்கக் கூடாதா இந்தக் கெடு. கடிகாரத்தைப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் இருந்தது. கொஞ்சம் இருக்கிறது என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது, எப்போதுமே போதுமாகத்தான் இருந்திருக்கிறது. மறுபடி தே என்று அடித்தார். கட்டத்துக்குள் அடுத்த எழுத்துக்காக ஒரு கோடு துடித்துக்கொண்டிருந்தது. கண்ணை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் குறுக்கே வரவில்லை, போன் அடிக்கவில்லை, மின்சாரம் போகவில்லை, யாரும் கூப்பிடவில்லை. அப்படி ஏதாவது வந்திருந்தால் நாளைக்குச் சொல்லிக்கொள்ளவாவது உதவியிருக்கும். திரை ஒரு தரம் வெளுத்து மீண்டது. பச்சைப் பொத்தான் சாம்பல் நிறமாகியிருந்தது, மேலே சிவப்பில் ஒரு வரி வந்திருந்தது.

வினோலியா எழுந்துவந்தாள். முகம் கழுவியிருந்தாள், நெற்றியோரத்து முடி ஈரமாக இருந்தது. காலையில் பார்த்தபோது இல்லாத ஒரு துணிச்சல் அவள் நடையில் இருந்தது.

"முடிஞ்சிட்டு சார்," என்றாள். "ராகு காலம் முடிஞ்சிட்டு. இனிமே போடலாம்லா?"

நம்பி வாயைத் திறந்தார். சர்வர் கோளாறு என்று சொல்லலாம், அந்தச் சொல் தயாராக நாக்கின் மேல் வந்து உட்கார்ந்திருந்தது, அவளும் நம்புவாள். அதை விழுங்கினார்.

"நான் ராகு காலம் பாக்கறதில்லம்மா," என்றார். "எப்பவுமே பாத்ததில்ல. எனக்கு நட்சத்திரமே கிடையாது. பூசம்னு உன்கிட்ட சும்மா சொன்னேன்."

அவள் திகைப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரித்தாள், கண் கலங்கச் சிரித்தாள்.

"தெரியும் சார். உங்க கல்யாணமே ராகு காலத்துலதான்னு வைகுந்தம் சார் சொன்னாங்க. எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. அவருக்கு நம்பிக்கையே கிடையாதாம், எம் பிள்ளைக்காகப் போயி நேரம் பாக்காருன்னு எங்க அக்காட்ட சொல்லி அழுதேன்."

இப்படியே விட்டுவிடலாம். அறிவுடைநம்பிக்கு ஒரு நொடி அந்த எண்ணம் வந்தது, வந்ததை மறைப்பதில் பிரயோஜனமில்லை. இந்தக் கண்ணில் இருக்கிற நன்றியோடேயே இன்று சாயங்காலம் வரை, திங்கட்கிழமை வரை, சென்னையிலிருந்து பட்டியல் வருகிற வரை ஓட்டிவிடலாம். உடம்பு முழுக்க வெட்கம் பிடுங்கித் தின்றது. திரையின் இரண்டு ஓரத்தையும் பிடித்து அவள் பக்கம் திருப்பினார்.

அவள் குனிந்து படித்தாள். முதல் கட்டத்தை முதலில் படித்தாள், உதடு அசைய, மெதுவாக. "என்னயப் பத்தியா சார் இவ்ளோ," என்றாள். பிறகு மேலே இருந்த சிவப்பு வரிக்கு வந்தாள். அதை இரண்டு தரம் படித்தாள். நிமிர்ந்தபோது சிரிப்பு முழுசாகப் போயிருக்கவில்லை, எங்கே வைப்பது என்று தெரியாமல் உதட்டோரத்தில் நின்றிருந்தது.

"பன்னெண்டு மணியோட முடிஞ்சிட்டுன்னு போட்டிருக்கு."

"ஆமா."

"உங்களுக்குத் தெரியாதா சார்?"

"தெரியும்."

"மறந்துட்டீங்களோ?" என்றாள். அவருக்கு ஒரு வழி விட்டுக்கொடுப்பதுபோல, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"மறக்கல," என்றார் நம்பி. "நீ போயிட்டா என் வேலையைப் பாக்க ஆளில்லம்மா. அதான்."

வினோலியா கழுத்துச் சிலுவையைப் பிடித்து, விட்டாள். எதிர் மேசையில் பட்டாபிராமன் எதையும் கேட்காதவர்போல டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"ஜெனி சாயங்காலம் கூப்பிடுவா," என்றாள் அவள். "இன்னைக்குப் போட்டுருவாங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். அவட்ட நான் என்ன சொல்ல?"

கோபத்தில் கேட்டதாக இருந்திருந்தால் அவர் தலையைக் குனிந்துகொண்டிருப்பார். இந்த இரண்டு வருஷமாக எந்தக் கோப்பில் என்ன எழுத வேண்டும் என்று கேட்கிறபோது வருகிற அதே குரலில்தான் அவள் கேட்டாள். கேட்டுவிட்டு, அவர் சொல்லட்டும் என்று நின்றாள்.